கீலில் இருந்த சிவப்பு

அந்தப் பேச்சு ஜன்னத் பீவிக்கு ஒரு வார்த்தை மாறாமல் நினைவில் நின்றுவிட்டது. தனியார் பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடம், ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்த அவள் புருஷன் யூனுஸ் அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தார். பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் அவர்கள் வீட்டுக்கும் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு கதவுதான் உண்டு. கதவில் ஒரு சாக்குத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கத்தின் குரல் கேட்டது.

"பாய் இருக்கீங்களா? பிரியாணி வாசனையே காணோமே!"

யூனுஸ் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். "வெள்ளிக்கிழமைன்னா பிரியாணிங்கிறது நீங்களா கட்டிவிட்ட கதைண்ணே. கத்திரிக்காய்க் கொழம்புதான். உக்காருங்க, சாப்பிடலாம்."

"உக்கார நேரமில்ல. வாசல்ல என்ன நிக்குதுன்னு பார்த்தீங்களா?"

"சத்தத்துலயே தெரிஞ்சுதே. பெரியவங்க ஜீப்பு."

"அதை அது வந்த எடத்துக்கே கொண்டு போகணும்."

"புரியலையேண்ணே."

"பட்டாளத்து ஏலத்துல எடுத்தப்ப என்ன கலர்ல இருந்துச்சோ, கம்பெனியில அடிச்சு அனுப்புன கலரு, அது அப்படியே வரணும். மெட்ராஸ்ல பழைய வண்டியெல்லாம் ஊர்வலம் விடப்போறாங்களாம். பெரியவங்களுக்கு ஒரு ஆசை."

"இப்ப இருக்கிறது அடிச்சு நாலு வருசம்தானே ஆவுது? திருச்சியில நல்லாத்தான் பண்ணியிருக்காங்க."

"ஆர்.சி. புக்குல பச்சைன்னு இருக்கு. மாத்தி எழுதவே இல்ல. புக்குல இருக்கிறபடி வண்டி இருக்கணும்ல?"

யூனுஸ் வாசலுக்குப் போய் ஜீப்பின் தகட்டைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாளாவும்?"

"இருபது நாளு."

"எட்டு."

"எட்டு நாள்ல காயாதுண்ணே. மழை வேற பேஞ்சுக்கிட்டு இருக்கு."

"காய வைங்க. நம்ம ஆளு ரெண்டு பேரு இங்கயே இருப்பாங்க, ஒத்தாசைக்கு."

"நான் ஒத்தாசைக்கு ஆள் வச்சுக்கிறதில்லையே."

"வேலைக்கு இல்ல பாய், காவலுக்கு." இராஜாங்கம் சிரித்தார். பிறகு சிரிப்பில்லாத குரலில் சொன்னார்: "செவப்பு ஒரு பொட்டு மிஞ்சக் கூடாது. அந்த ஜீப்பு என்னைக்குமே செவப்பா இருந்ததில்ல. சரியா?"

ஒரு தகர டப்பாவை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரியான்னு கேட்டேன்."

"சரிங்க."

அண்ணே போய் 'ங்க' வந்ததை ஜன்னத் பீவி கவனித்தாள்.

"போய்ச் சாப்பிடுங்க, கொழம்பு ஆறிடப் போவுது. தின்னரு, பெட்ரோலுன்னு இவ்வளவு வச்சிருக்கீங்க. பொம்பள பொழங்குற எடம். எவனாச்சும் பீடியை அணைக்காம போட்டுட்டுப் போனா என்ன ஆவும்? சூதானமா இருங்க."

யூனுஸ் திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். சோற்றை உருட்டினார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

சிவப்பு ஏன் மிஞ்சக் கூடாது என்று அவளுக்குக் கேட்காமலே தெரியும். ஊர் முழுவதற்கும் தெரியும். ஒன்பது நாளைக்கு முன், குறுவை அறுவடைக் கூலிப் பேச்சு முடிந்து புது ஆற்றங்கரை ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த இளையபெருமாளை ஒரு ஜீப் பின்னாலிருந்து தூக்கிப் போட்டது. சட்டத்தில் சொன்ன கூலியைப் படியாக அளந்து கொடுத்தால்தான் அறுப்போம் என்று அவன்தான் ஆட்களை நிறுத்தி வைத்திருந்தான். விழுந்தவன் எழுந்திருக்கப் பார்த்தபோது ஜீப் பின்வாங்கி வந்து மறுபடியும் ஏறியது. வரப்பில் புல்லுக்கட்டுத் தூக்கிக்கொண்டு வந்த அவன் பெண்சாதி காத்தாயி அதைக் கண்ணால் பார்த்தாள். சிவப்பு ஜீப் என்று போலீசில் சொன்னாள். அந்தச் சுற்றுவட்டத்தில் சிவப்பு ஜீப் ஒன்றே ஒன்றுதான். பண்ணைப் பெரியவருடையது; அதில் எப்போதும் சுற்றுவது அவர் மகன். ஆனால் பெரியவரின் நிலத்தில் பிழைக்கிற ஊரில், அந்த ஜீப்பைத் தினமும் பார்த்த இருநூறு பேரில் ஒருவர்கூட அதன் நிறத்தைச் சொல்ல வாய் திறக்கவில்லை.

இனி அந்த நிறமும் இல்லாமல் போகவேண்டும். அதைப் போக்கவேண்டியவர் யூனுஸ். அதில் வெளியே ஒருவருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. யூனுஸுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.

கல்யாணமான புதிதில் அவள் அதைக் கண்டுபிடித்தாள். அரக்குச் சேலை கட்டியிருந்த அவளைப் பார்த்து, "இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் முகம் செத்துப்போனது. பழுத்த மிளகாயும் பழுக்காத மிளகாயும் அவருக்கு ஒரே சேற்று நிறம். பிறவியிலேயே அப்படி. ஆனால் பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பித் தேய்த்துத் தகட்டைக் கண்ணாடியாக்குவதில் தஞ்சாவூர் வரைக்கும் அவருக்கு இணை இல்லை. உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, "இங்க மூணு கோட்டுப் பெயிண்டு இருக்கு, அங்க நாலு" என்று சொல்லிவிடுவார். டப்பாவில் ஒட்டிய பெயரைப் படித்துப் பெயிண்ட் அடிப்பார். கலவை நிறம் கேட்டு வருகிற வண்டிகளைத்தான் அதுவரை ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவள் வந்தபின் அப்படி ஒரு வண்டியும் திரும்பிப் போகவில்லை. கழற்றக்கூடிய சின்னச் சாமான் எதையாவது சாக்கில் போட்டு உள்ளே கொண்டுவருவார். கொல்லைப்புறத்து வெள்ளையடித்த சுவரோரம் உட்கார்ந்து அவள் நிறம் சேர்ப்பாள். வயல்கள் பச்சையாக இருக்கும் மாதங்களில் அந்தச் சுவருக்கும் ஒரு பச்சைச் சாயல் வந்துவிடும் என்பதால் மடியில் வெள்ளைத் துணி விரித்து, முதுகை வயலுக்குக் காட்டி உட்காரவேண்டும் என்பதை அவளாகவே தெரிந்துகொண்டாள். பதினோரு வருடம் இப்படியே ஓடிற்று. இரகசியம் வெளியே போய்விடும் என்றுதான் யூனுஸ் உதவிக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் அவர் ஜீப்பின் டாஷ்போர்டுப் பெட்டியின் மூடியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

"மச்சான், இதைச் செய்யத்தான் வேணுமா?" அவள் மாமன் மகன் அவர், மச்சான் என்றுதான் கூப்பிடுவாள்.

"செய்யலன்னா?"

கொட்டகையில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை வீட்டுக்குள் வந்தது.

மூடியைத் தண்ணீரில் நனைத்து வாட்டர் பேப்பர் உப்புத்தாளால் ஒரு காலணா அளவுக்கு வட்டமாகத் தேய்த்தாள். ஒரே இடத்தில் சாய்வாகத் தேய்த்துக்கொண்டே போனால், உள்ளே இருக்கிற பூச்சுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாய் வெளிப்படும். வெளி வளையம் திருச்சியில் அடித்த சிவப்பு. அதற்குள் ஒரு மங்கிய பச்சை. நடுவில், தகட்டை ஒட்டி, மறுபடியும் ஒரு செங்கல் சிவப்பு. அது கம்பெனியில் துருப்பிடிக்காமல் அடிக்கிற அடிப்பூச்சு. ஆக, இரண்டு சிவப்புக்கும் இடையில் இருக்கிற பச்சைதான் கேட்ட நிறம். ஆனால் அந்தப் பச்சையை நம்ப முடியாது. ஏலத்துக்கு வருமுன் அது எத்தனை வெயில் கண்டதோ. அதனால் மூடியைத் திருப்பி, கீல் மறைத்திருந்த இடத்தில் பார்த்தாள். வெயிலும் கையும் படாத இரண்டு விரல்கடை இடம் அங்கே இருந்தது. திருச்சிக்காரர்கள் அதைத் தொடவில்லை. கறுப்போடு மஞ்சள் கலந்த, பாசிக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட ஒரு பச்சை. மெழுகு போட்டுத் துடைத்ததும் முப்பது வருட அழுக்குக்குக் கீழேயிருந்து அது புத்தம் புதிதாகப் பார்த்தது.

கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு கணம் வந்ததும், அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

மூன்று நாள் கலந்தாள். மஞ்சளில் கறுப்பு, பிறகு கொஞ்சம் வெள்ளை. தகரத் துண்டில் தொட்டு வைத்துக் காயவிட்டுப் பக்கத்தில் பிடித்தால் இளம்பச்சையாக அடித்தது. ஒரு சொட்டுச் சிவப்பு விட்டதும்தான் அந்த ராணுவப் பச்சை அடங்கி வந்தது.

நாலாம் நாள் காலை, நெல் அவிக்க வரும் காத்தாயி கொல்லை வழியாக வந்து நின்றாள். கணவன் செத்தபின் வேலைக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஜன்னத் பீவியின் மடியில் அந்த மூடி பாதி சிவப்பும் பாதி பச்சையுமாகக் கிடந்தது. அவள் வெள்ளைத் துணியை இழுத்து மூடினாள்.

"அது என்ன பீவியம்மா?"

"ஒண்ணுமில்ல காத்தாயி. டப்பா மூடி."

காத்தாயி அந்தத் துணியையே பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் போய்க் குந்தினாள். விறகை ஒடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"எழுதிக்கிட்ட போலீஸ்காரரு மூணு தரம் கேட்டாரு. செவப்பா, செவப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லும்மான்னு. புக்குல பச்சைன்னு போட்டிருக்காம். புருசன் செத்த துக்கத்துல பொம்பளைக்குக் கண்ணு மயங்கிடுச்சுன்னு பேசிக்கிறாங்க. எனக்கு வாய்தான் கொழறும் பீவியம்மா, கண்ணு கொழறுமா?"

ஜன்னத் பீவி துணியை மூடியோடு சேர்த்துச் சுருட்டி இடுக்கிக்கொண்டாள். திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சு கிறீச்சிட்டது. இரண்டு பேரில் ஒருவன் எழுந்து நடமாடினான். அவன் கேட்டிருப்பானோ என்று அன்று முழுவதும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் மத்தியானம் தேய்ப்பு முடிந்தது. ஜீப் முழுக்கப் பழைய பச்சை தெரிய, சொறி பிடித்த எருமை மாதிரி நின்றது. மறுநாள் காலையில் புதுப் பச்சை அடிக்கவேண்டும். காவல் இருந்தவர்கள் டீ குடிக்க ஸ்டேஷன் பக்கம் போன நேரத்தில் அவள் திரையை விலக்கிக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். பானெட் தூக்கி நிறுத்தியிருந்தது. அதன் கீல் மடிகிற இடத்தில், ஒரு நகத்தளவு அகலத்துக்குச் சிவப்பு அப்படியே இருந்தது.

யூனுஸ் அதைத் தடவிப் பார்த்திருப்பார். வழவழப்பாக இருந்திருக்கும், தேய்த்தாயிற்று என்று விட்டிருப்பார். வேறு எந்தப் பெயிண்டரும் செய்யமுடியாத தப்பு அது. தான் எதை அழித்துக்கொண்டிருக்கிறோம் என்று பார்க்கத் தெரியாமலே அழித்துக்கொண்டிருந்தார்.

சொல்ல ஒரு சாயங்காலம் முழுக்க இருந்தது. அவர் லுங்கியை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், இடுப்பு வலிக்கிறது என்றார். அவள் தண்ணீர் கொடுத்தாள். சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. சொல்லாமல் விட்டு, இராஜாங்கம் கண்டுபிடித்தால் கொட்டகையோடு அவர்களும் எரிவார்கள். போலீஸ் கண்டுபிடித்தால் மறைத்தவர் என்று முதலில் மாட்டுவது யூனுஸ்தான். இரண்டு பக்கமும் கிணறு. காத்தாயிக்காகப் பேசாமல் இருந்தாளா, பயத்தில் நாக்கு எழவில்லையா என்பதை அவளால் அன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, பிறகும் முடியவில்லை. காலையில் ஸ்பிரே கன் இரையும் சத்தம் கேட்டபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சிவப்பின் மேல் பச்சை மூடிவிட்டது.

எட்டாம் நாள் சாயங்காலம் இராஜாங்கம் வந்து ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பாய், உங்களுக்குக் கண்ணு இல்ல, பூதக்கண்ணாடி!" என்று முதுகில் தட்டினார். யூனுஸ் சிரித்து வைத்தார்.

அதன்பின் அவளுக்குத் தூக்கம் குறைந்தது. வாசலில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து போய் எட்டிப் பார்ப்பாள். கார்த்திகைக் கடைசியில் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு போலீஸ் அதிகாரி ஜீப்பைப் பேனாக்கத்தியால் ஏழு இடத்தில் சுரண்டிப் பார்த்தார். ஆறு இடத்தில் தகட்டை ஒட்டிய அடிப்பூச்சைத் தவிர வேறு சிவப்பு இல்லை. பானெட் கீலில் மேலாகவே சிவப்பு இருந்தது. கீலைக் கழற்றித் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள். பெரியவரின் மகன்மேலும் ஜீப் டிரைவர்மேலும் கேஸ் ஆயிற்று.

பெரியவரின் வக்கீலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எல்லா வண்டிக்கும் அடியில் சிவப்புப் பூச்சு இருக்கும், கம்பெனியிலேயே அடிப்பது, பெயிண்டரையே கேளுங்கள் என்றார். பெயிண்டருக்குச் சம்மன் வந்தது. அதற்கு முந்தின நாளே இராஜாங்கம் வந்துவிட்டார்.

"ஒரே ஒரு வார்த்தைதான் பாய். அடிப்பூச்சு. எங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"அடிப்பூச்சு."

"அவ்வளவுதான். புள்ளைங்களுக்குப் பாடம் மாதிரி."

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை தஞ்சாவூர் கோர்ட்டில் யூனுஸ் கூண்டில் ஏறினார். வீட்டில் தனியாக இருக்கப் பயந்து ஜன்னத் பீவியும் ரயிலேறிக் கூடவே வந்திருந்தாள். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வராந்தாவில் ஜன்னலோரம் நின்றாள். நாலு முழம் தள்ளிக் காத்தாயி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அரசாங்க வக்கீல் கீலை யூனுஸ் கையில் கொடுத்தார். சுரண்டிய இடத்தில் பூச்சுகள் வரிவரியாகத் தெரிந்தன.

"இதுல செவப்பு எது?"

"அடிப்பூச்சுங்க."

"எதுன்னு தொட்டுக் காட்டுங்க. ஒரு வரியா, ரெண்டு வரியா?"

எல்லாம் அதில்தான் இருந்தது. தகட்டை ஒட்டி ஒரே ஒரு சிவப்பு வரி என்றால் அது கம்பெனிப் பூச்சு, காத்தாயி பொய்க்காரி. இரண்டு பச்சைகளுக்கு நடுவில் இன்னொரு சிவப்பு வரி இருந்தால், ஜீப் நடுவில் சிவப்பாக இருந்திருக்கிறது. யூனுஸ் கீலைக் கண்ணருகே கொண்டுபோனார். விரலை ஒரு வரியில் வைத்தார்.

"அது பச்சைய்யா!" என்றார் வக்கீல். அவர் ஒரு கணம் யூனுஸையே பார்த்தார். பிறகு ஜட்ஜின் பக்கத்தில் நின்ற டவாலிச் சேவகரைக் காட்டினார். "அவர் குறுக்கே போட்டிருக்காரே பட்டை, அது என்ன நிறம்?"

யூனுஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். "பச்சைங்க."

கோர்ட்டே சிரித்தது. டவாலி தன் சிவப்புப் பட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பின்வரிசையில் ஒருவன், "பெயிண்டராம்டா!" என்றான். பெரியவரின் வக்கீலும் சிரித்தார். இராஜாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த ஜன்னத் பீவிக்குக் காது அடைத்தது. பதினோரு வருடம் இரண்டு பேருமாகச் சேர்ந்து பொத்திப் பொத்தி வைத்தது கால் நிமிஷத்தில் தெருவுக்கு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியபின் யூனுஸ் பேசினார்.

"எனக்கு இந்த ரெண்டு கலரும் பொறவியிலேயே தெரியாதுங்க. கலரு பார்க்கிறது எல்லாம் என் வீட்டுல இருக்கிறவங்க. இந்தப் பச்சையையும் அவங்கதான் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க. இதுல எத்தனை வரி இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

பெரியவரின் வக்கீல் எழுந்து கத்தினார். ஜட்ஜ் கையமர்த்தி, அந்த அம்மாள் வந்திருக்கிறாரா என்று கேட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு அவரை விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்த கதை. அன்று மத்தியானம் ஜன்னத் பீவி இரண்டு சிவப்பு வரியையும் தனித்தனியாகத் தொட்டுக் காட்டினாள். ஜீப்பைப் பச்சையாக்கச் சொன்னது யார், எந்தக் கிழமை, என்ன வார்த்தை என்பதையும் சொன்னாள். காத்தாயியின் வார்த்தை நின்றது. பெரியவரின் மகனுக்கும் ஜீப் ஓட்டியவனுக்கும் தண்டனை ஆயிற்று. யூனுஸ் மிரட்டலுக்குப் பயந்து செய்தவர் என்று விடப்பட்டார். கொட்டகையில் கல் விழுந்தது. பங்குனியில் ஒருநாள் பட்டப்பகலில் கூரை பற்றி எரிந்தது. நாகப்பட்டினத்துக்குக் குடிபோனார்கள். அங்கே போட் பெயிண்ட் அடிக்கும் இடத்தில் யூனுஸ் வாசலிலேயே ஒரு ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்தார். வந்தவர்களிடம், "தேய்க்கிறது நானு, கலரு அவங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை, சாப்பாட்டு வேளையில், அவளுக்கு இது எதுவும் தெரியாது. வராந்தா காலியாகிக்கொண்டிருந்தது. இராஜாங்கம் படியருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு வரி என்று சொன்னால், அழித்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் தன் புருஷன். ஒரு வரி என்று சொல்லிவிட்டால் இப்போதே ரயிலேறி வீட்டுக்குப் போய்விடலாம். கீலில் மிஞ்சியிருந்த சிவப்பைத் தான் முன்னமே பார்த்ததை யூனுஸிடம் இன்னும் சொல்லவும் இல்லை.

யூனுஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இராஜாங்கம் நிற்பதை அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை மறைத்தாற்போல அவள் எதிரே வந்து நின்றார். அப்போது அவர் அவளிடம் கேட்டுக்கொண்டது இதுதான்:

"ஜன்னத்து, உள்ள கூப்பிட்டா உன் கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு. எனக்காகன்னு எதையும் விட்டுடாதே."